பத்து ரோட்டு விலாசம்

என் அன்பு அத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும். இதற்கு அடுத்த வரியில் நலம், நலமறிய ஆவல் என்று எழுதக் கை தானாகப் போகிறது. நீங்கள் மவுத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. உங்களிடம் நலம் விசாரித்து என்ன செய்ய? என் நலத்தைக் கேட்டால், உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உங்கள் மேல் கோபமாக இருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதை எந்தத் தபால் பெட்டியில் போட்டாலும் உங்களுக்கு வராது. அதனால் நம் ஊர்க்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அச்சடிக்கும் மலருக்கு அனுப்புகிறேன். நம் ஊரில் சபுராளி இல்லாத வீடு எது? கடல் கடந்து போனவனின் கடிதத்துக்குக் காத்திருக்காத வாசல் எது? எல்லோரும் படிக்கட்டும். படித்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களையும் எடுத்து ஒரு தடவை பார்க்கட்டும்.

நான் வளைகுடாவுக்கு வந்து நாலு வருஷம் முடிந்துவிட்டது. அதற்கு முன்னாலும் வெளியூர்க் கடைகளில்தான் இருந்தேன். புஜைராவுக்கு மலையைக் குடைந்து ரோடு போடுகிறார்கள். அந்த ரோட்டு கேம்பில் ஸ்டோர்கீப்பர் வேலை. மண்வெட்டி, டயர், டின் மீன், பால் பவுடர், எல்லாம் என் பொறுப்பு. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை குல் கான் ஓட்டும் பிக்கப்பில் துபாய்க்கு வருவேன். சாமான் ஏற்றுவேன், கம்பெனியின் தபால் பெட்டியில் கிடக்கும் கடிதங்களை எடுப்பேன், போஸ்ட் ஆபீஸ் பக்கத்துச் சாயாக்கடையில் உட்கார்ந்து அங்கேயே பதில் எழுதி அங்கேயே போடுவேன். மறுநாள் திரும்பிவிடுவேன். நீங்கள் போன தந்தியும் அந்தப் பெட்டியில்தான் ஒன்பது நாள் கிடந்தது. என் கையில் கிடைத்தபோது ஊரில் ஏழாம் பாத்திஹாவே ஓதி முடித்திருந்தார்கள். அந்தக் கதை இப்போது வேண்டாம், வேறு பக்கம் போய்விடுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். துபாயில் தேரா பக்கம் ஒரு முதலாளி, நம் கடற்கரைக்காரர்தான், கைலியும் பாத்திக் துணியும் மொத்த வியாபாரம். கோலாலம்பூரில் இருந்து சரக்கு வரவழைக்க அங்கேயே தங்கும் ஆள் ஒருவர் வேண்டும் என்று தேடினார். ஊர் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். காகிதமெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். கடைக்கு மேலே வீடு, குடும்பத்தோடு இருக்கலாம். குடும்பத்தோடு, அத்தா! கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நானும் ஜுலைகாவும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தது எத்தனை மாதம் என்று விரல் விட்டே எண்ணிவிடலாம். நூருல் பிறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. அவளுக்கு இப்போது பத்து வயது. என்னைப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள்.

கோலாலம்பூர் என்று காதில் விழுந்ததுமே அந்த வேலை எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். யார் மகன் நான்? ஊரில் நம் வீட்டுக்கே கோலாலம்பூரார் வீடு என்றுதானே பெயர்? முதலாளியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே ஜுலைகாவுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்: பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்து வை, நூருலின் பள்ளிக்கூடத்தில் சொல்லி வை. அவசரக்காரன் என்று நீங்கள் அடிக்கடி திட்டியது சும்மாவா?

உங்கள் கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. அம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த கட்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தேன். முதலாளியைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பது போல முழுவதும் படித்தேன்.

என்ன எழுத்து அத்தா உங்களுடையது! கிளாங், கோம்பாக் என்று இரண்டு ஆறு வந்து கூடும் இடம். சேற்று ஆறு கூடும் இடம் என்பதுதான் ஊர்ப் பெயரின் பொருள். ஈயம் தோண்ட வந்த சீனர்கள் படகை விட்டு இறங்கிய சேற்றில்தான் ஊர் முளைத்தது. ஆறு கூடும் முனையில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கோடு போட்ட பள்ளிவாசல், சுற்றிலும் தென்னை. அதைத் தாண்டினால் செப்புக் குமிழ் வைத்த சர்க்கார் கச்சேரிக் கட்டடம், அதன் நடுவே மணிக்கூண்டு. எதிரே பச்சைத் திடல். அங்கே வெள்ளைக்காரன் பந்தாடியதையும் எழுதினீர்கள், பிறகு அவன் கொடி இறங்கி மலாய்க்காரர் கொடி ஏறியதையும் எழுதினீர்கள்.

ரயில்வே ஸ்டேஷனைப் பற்றி மட்டும் மூன்று கடிதம். முழுக்க மினாராக்கள், பரதேசி ஒருவன் தொழப் போகிறேன் என்று உள்ளே போய் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான் என்று கேலி வேறு. பெட்டாலிங் தெருவில் சீனக் கடைகள், தொங்கும் வாத்து. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே தமிழரும் யாழ்ப்பாணத்துக் கிளார்க்குகளும். மஸ்ஜித் இந்தியா பக்கம் போனால் நம் ஆட்கள், நம் பேச்சு, நம் பிரியாணி. பத்து ரோடு என்றதும் நான் பத்துச் சாலைகள் என்று நினைத்துக் கேட்டதற்கு, பத்து என்றால் மலாயில் கல், கல்மலைக்குப் போகும் ரோடு என்று விளக்கினீர்கள். அந்தக் கல்மலைக் குகையில் முருகன் கோயில், தைப்பூசத்துக்கு ரயில் நிறையக் கூட்டம். புதிதாகக் கட்டிய பெரிய பள்ளிவாசலின் கூரை பாதி விரித்த குடை. தினமும் பிற்பகல் நாலு மணிக்கு மழை. ஐந்துக்கு நின்றுவிடும், ரோட்டில் ஆவி பறக்கும்.

இதெல்லாம் மனப்பாடமாக இருக்கும்போது எனக்கு என்ன பயம்? சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தேராவுக்குப் போனேன்.

முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். மரியாதையான மனிதர். சாயா வரவழைத்தார்.

"ஒக்காருங்க தம்பி. கோலாலம்பூரு தெரியும்னு சொன்னீங்களாம்?"

"நான் போனதில்லைங்க மொதலாளி. எங்க அத்தா முப்பது வருஷம் அங்கதான் இருந்தாங்க. எனக்கு ஊரு அத்துப்படி."

"அப்படியா? சொல்லுங்க, கேப்போம்."

சொன்னேன். கால் மணி நேரம் மூச்சுவிடாமல் சொன்னேன். ஆற்றில் தொடங்கிக் கல்மலையில் முடித்தேன். அவர் சாயாவை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாச் சொல்றீங்க. பத்து ரோட்டுக்குப் பேரு மாத்தியாச்சு, மொத மாமன்னர் பேரு. ஆனா பழைய ஆளுங்க இன்னும் பத்து ரோடுன்னுதான் சொல்லுவாங்க. நடுவுல ஒரு வெள்ளம் வந்து பாதி ஊரு முங்கி எந்திரிச்சிச்சு. இப்ப மாடி மேல மாடியாக் கட்டுறாங்க. அதெல்லாம் போனாத் தெரிஞ்சுக்கலாம். அத்தா எங்க படுத்தாங்க?"

"கடையிலதாங்க."

"கடையில எங்க? மேலயா, கீழயா?"

"மேலயாத்தான் இருக்கும்ங்க" என்று இழுத்தேன்.

"சோறு யாரு ஆக்குனா? குளிக்கத் தண்ணி எங்க? மழ பெஞ்சா கடைக்குள்ள எந்தப் பக்கம் ஒழுகும்? அதச் சொல்லலியா?"

ஒன்றும் சொல்லவில்லையே அத்தா நீங்கள்! மினாராவை எண்ணிச் சொன்னவர், படுத்த பாயைச் சொல்லவில்லை. அவர் விடவில்லை.

"கடுதாசி என்ன வெலாசத்துக்குப் போடுவீங்க?"

அதைக் கேட்டாரே என்று மகிழ்ந்துபோனேன். நாலாம் வகுப்பிலிருந்து எழுதிய விலாசம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைப் பெயர், பத்து ரோடு, கோலாலம்பூர் என்று ஒப்பித்தேன். அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. எனக்கு அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த மளிகைக் கடையில கல்லாவுல பன்னண்டு வருஷம் இருந்தவன் நான். அந்த வெலாசத்துக்கு எரநூறு பேருக்குக் கடுதாசி வரும் தம்பி. தோட்டத்துல கெடக்குறவன், ஈயக் கொல்லையில கெடக்குறவன், காட்டுல ரோடு போடுறவன், எல்லாருக்கும் அந்த ஒரே வெலாசம்தான். அத்தா பேரு என்ன?"

"சீனி முகம்மது."

"சீனி மொகம்மது... கறுப்புக் கொடை. காதுல பென்சிலு. அவரா?"

அந்தப் பென்சில் நம் வீட்டிலும் உங்கள் காதை விட்டு இறங்கியதில்லை. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்யும்போதுகூட அதை எடுக்க மறந்துவிடுவீர்கள் என்று அம்மா சிரிக்கும். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவரு டவுன்ல இருந்ததே இல்லியே தம்பி. வடக்க நாப்பது மைலு தள்ளி, ரப்பர் தோட்டத்து வாசல்ல தகரம் எறக்குன ஒட்டுக்கடை. பால்மரம் வெட்டுற சனங்களுக்குச் சாயா, கருவாடு, பீடி. மாசத்துல ஒரு நாளு லாரியில ஏறி வருவாரு. சரக்குப் போடுவாரு, கடுதாசிய வாங்குவாரு, எங்க கடையில அரிசி மூட்ட மேல ஒக்காந்து பதிலு எழுதுவாரு. எழுத ஆரம்பிக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு கேப்பாரு: 'தம்பி, டவுன்ல புதுசா என்ன கட்டுறாங்க?' நான் சொல்லுவேன். எழுதிக்கிட்டு அடுத்த லாரியில போயிருவாரு."

பிறகு சாயாவை ஒரு மடக்கில் குடித்துவிட்டுச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு ஊரு தெரிஞ்ச ஆளு வேணும். நீங்க சொன்னது பூராவும் அவரு எங்கிட்டக் கேட்டுக்கிட்டது."

சலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வெயிலில் நின்று வாய்விட்டே திட்டினேன். ஏன் அத்தா? எஸ்டேட் வாசலில் கருவாடு விற்றால் குறைந்தா போய்விடும்? யாரிடம் மறைக்க? நாங்கள் ஏதாவது கேட்டோமா? ஸ்டேஷன் வாசலில் கோட்டு மாட்டி நிற்கிற போட்டோவை அனுப்பினீர்களே, அந்தக் கோட்டு யாருடையது? பெர்மிட் இல்லாதவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று சட்டம் வந்து நீங்கள் ஊர் வந்து சேர்ந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே. நான் லீவில் வந்தபோதெல்லாம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டோமே. அப்போதும் மணிக்கூண்டுதான், அப்போதும் மழைதான்! உங்கள் மணிக்கூண்டை நம்பி நான் பெண்டாட்டியைப் போட்டோ எடுக்க வைத்துவிட்டேனே.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கேம்புக்குக் கிளம்பினோம். வருஷத்தில் இரண்டு நாள் பெய்கிற மழை அன்றைக்குத்தான் மலையில் பெய்ய வேண்டுமா? பாதி வழியில் வாதி என்கிற வறண்ட ஆறு நிறைந்து செம்மண் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. குல் கான் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தான்.

"கலாஸ், ஜமால் பாய். பானி உத்ரேகா, தப் ஜாயேகா. ஜல்தி மத் கரோ."

தண்ணீர் வடிந்தால்தான் போக முடியுமாம், அவசரப்படக் கூடாதாம். இந்த ஆப்கான் எல்லைக்காரனுக்குக்கூட என் குணம் தெரிந்திருக்கிறது. அவன் இறங்கிப் பாறையில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டான். நான் வண்டியில் இருந்தபடியே, முந்தின நாள் பெட்டியில் எடுத்து, ஆத்திரத்தில் பிரிக்க மறந்துபோன கடிதத்தைப் பிரித்தேன். நூருலின் கையெழுத்து.

"அன்புள்ள அத்தா, பள்ளிக்கூடத்தில் நான் அறிந்த நகரம் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் துபாய் பற்றி எழுதினேன். உங்கள் கடிதம் எல்லாவற்றையும் அம்மாவிடம் வாங்கிப் பார்த்து எழுதினேன். உப்பாறு ஊரை இரண்டாகப் பிரிப்பது, இந்தப் பக்கம் தேரா, அந்தப் பக்கம் பர்துபாய், நடுவில் ஓடும் அப்ரா படகு, தண்ணீருக்கு அடியில் போகும் சுரங்கப் பாதை, மணிக்கூண்டு எல்லாம் எழுதினேன். டீச்சர் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்கள். ஒரு பிள்ளை, உங்க அத்தா வீடு எங்கே இருக்கிறது என்று கேட்டது. நான் ஆற்றுப் பக்கம், மாடியில், நீல ஜன்னல் என்று சொல்லிவிட்டேன். நீல ஜன்னல் இருக்கிறதுதானே அத்தா? இல்லாவிட்டால் பச்சையா? எழுதுங்கள்."

அத்தா, நான் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. உங்களைத் திட்டிக்கொண்டிருந்த வாய் நின்றுபோனது. மணிக்கூண்டு! நானும் மணிக்கூண்டைத்தான் எழுதியிருக்கிறேன். நாலு வருஷமாக மாதம் ஒரு கடிதம், எல்லாம் அந்தச் சாயாக்கடையில் உட்கார்ந்து எழுதியது. கண்ணுக்கு எதிரே இருந்ததை எழுதினேன். கேம்ப் என்று ஒரு வார்த்தை எழுதியதில்லை. புஜைரா என்று எழுதினால் அது எங்கே என்று கேட்பார்கள், துபாய் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். எவனுடைய காரிலோ சாய்ந்து நின்று போட்டோவும் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பொய் சொன்னோமா நாம்? நீங்கள் எழுதிய ஆறும் உண்மை, ஸ்டேஷனும் உண்மை. நான் எழுதிய அப்ராவும் உண்மை. நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரு பிள்ளைக்கு அதுதானே வேண்டும்?

கேம்புக்கு வந்த கையோடு தகரக் கொட்டகையில் என் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஜுலைகாவுக்கு: வேலை கிடைக்கவில்லை, பாஸ்போர்ட் போட்டோவை வைத்துக்கொள், தப்பு என்னுடையது. நூருலுக்கு: நீல ஜன்னல் இல்லை. ஒரு கொட்டகையில் பதினாறு கட்டில். என்னுடையது கதவிலிருந்து மூன்றாவது. ஜன்னல் ஒன்று உண்டு, அதில் ஜெனரேட்டர்தான் தெரியும். பின்னால் மொட்டை மலை. துபாய்க்கு நான் மாதம் ஒரு நாள் போகிறவன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன்.

அடுத்த மாதம் துபாயில் அவற்றைப் போட்டேன். அதற்கடுத்த மாதம் பெட்டியைத் திறக்கவே பயம். இரண்டு கடிதம் கிடந்தன. முதலாவது என் அம்மா சொல்ல நூருல் எழுதியது. நீங்கள் இருந்த தோட்டத்துக் கடையைப் பற்றி நான் அம்மாவுக்குத் தனியாகத் தெரிவித்திருந்தேன். அதற்குப் பதில்:

"எனக்குத் தெரியும்டா. ஒங்க அத்தா பெட்டியத் தொறந்தா துணியில ரப்பர்ப் பொகை வாட அடிக்கும். டவுன்ல ஏது ரப்பர்ப் பொகை? அவுக சொல்லல, நான் கேக்கல. ஒஞ் சட்டையில தார் வாட அடிக்கிறதும் ஜுலைகாவுக்குத் தெரியும். அவளும் கேக்கல, பாத்துக்க."

கேட்டீர்களா அத்தா? ஊரை ஏமாற்றினோம் என்று நினைத்தோம். துவைத்துப் போட்டவர்களை ஏமாற்ற முடியவில்லை. இத்தனை வருஷம் அம்மா உங்கள் மணிக்கூண்டைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்ததே, அது எதற்கு? நீங்களாகச் சொல்லட்டும் என்றா? இதை நினைத்தால் எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் இன்னும் அதிகமாகிறது.

ஏனென்றால் கோலாலம்பூரை இப்போது யாரும் எனக்குச் சொல்லிவிடலாம். அந்த முதலாளி சொல்வார், புத்தகக் கடையில் படம் கிடைக்கும். அந்த ஒட்டுக்கடையை யார் சொல்வார்கள்? முப்பது வருஷம் நீங்கள் எங்கே படுத்தீர்கள்? காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி கொடுத்தார்கள்? பிற்பகல் நாலு மணி மழையில் அந்தத் தகரம் எந்தப் பக்கம் ஒழுகியது? பால்மரக் காட்டில் பெருநாள் தொழுகைக்கு எத்தனை பேர் நின்றீர்கள்? என் அத்தா இருந்த இடம் அதுதான். அதில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. டப்பா நிறையக் கடிதம் இருக்கிறது, அதில் நீங்கள் இல்லை.

இரண்டாவது கடிதம் நூருல் தானாக எழுதியது. துபாய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. மூன்றாவது கட்டில் என்றால் நாலாவதில் யார்? மொட்டை மலையில் ஆடு உண்டா? ஜெனரேட்டர் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்? வாதியில் தண்ணீர் வந்தால் சோற்றுக்கு என்ன செய்வீர்கள்? இப்படிப் பதினோரு கேள்வி. ஓரத்தில் பதினாறு கட்டம் வரைந்து, கதவிலிருந்து மூன்றாவது கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, அத்தா என்று எழுதியிருக்கிறாள்.

அந்தக் காகிதத்தை என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். என் மகளுக்கு நான் எங்கே படுக்கிறேன் என்று தெரியும். நீங்கள் எங்கே படுத்தீர்கள் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. இதற்கு நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். இன்னும் முடியவில்லை. உங்களுக்காகத் தொழுகையில் துஆ கேட்கிறேன். கோபம் அது பாட்டுக்கு இருக்கிறது.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன், அத்தா. இனி துபாயில் உட்கார்ந்து கடிதம் எழுத மாட்டேன். கட்டிலில் உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருவேன். விலாசம் கம்பெனிப் பெட்டியாகவே இருக்கட்டும், வேறு வழியில்லை. கடிதத்துக்குள் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒட்டுக்கடை சீனி முகம்மதின் மூத்த மகன்,
நூருலின் அத்தா,
ஜமால்.
புஜைரா ரோட்டு கேம்ப், கதவிலிருந்து மூன்றாவது கட்டில்.